சாம்பிள் என்று எழுதி வந்த அப்பா

உங்களில் யாரிடமாவது அந்தப் பனியன் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா? நாம் ஐந்தாம் வகுப்பு படித்தபோது வெள்ளிக்கிழமை மட்டும் சீருடை வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். அன்றைக்கு வகுப்பில் பாதிப் பேர் ஒரே நிறத்தில் உட்கார்ந்திருப்போம். எந்தக் கம்பெனியில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று நம் முதுகைப் பார்த்தே டீச்சர் சொல்லிவிடுவார். கழுத்துப் பட்டைக்குக் கீழே, உள்பக்கமாக, ஆங்கிலத்தில் சாம்பிள் என்று கறுப்பு மையில் எழுதியிருக்கும். மை இல்லாவிட்டால் அடி ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கத்தரி வெட்டு இருக்கும்.

இப்போது நம் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பாமல் சிரிக்கிறார்கள். அதனால் அவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வெளிநாட்டுக்காரனுக்கு மாதிரிக்கு அனுப்புகிற சட்டையை யாரும் விற்க முடியாதபடி கெடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அழியாத மையில் எழுதலாம், அல்லது வெட்டலாம். அப்படிக் கெட்டுப்போன சட்டைக்கு அந்த ஊர்ச் சுங்கத்தில் வரி கேட்க மாட்டார்கள். அளவு சரியில்லாமல் அனுப்பாமல் நின்றுபோனதெல்லாம் நம் உடம்புக்கு வரும். திருப்பூரில் பிறந்த குழந்தைக்கு முதலில் தெரிந்த ஆங்கில வார்த்தை அதுதான் என்று நான் சொன்னால் நீங்கள் யாரும் சண்டைக்கு வர மாட்டீர்கள்.

நமக்கெல்லாம் காதோரம் நரைத்து, பக்கத்து வீட்டுப் பையன்கள் 'ஆன்ட்டி' என்று கூப்பிடும் நிலைக்கு வந்தாயிற்று. போன வாரம் பேருந்து நிலையத்தில் சவூதியிலிருந்து வந்த ஒருவர் தன் மைத்துனனிடம், டிவி கொண்டுவந்ததற்கு ஏர்போர்ட்டில் வரி போட்டுவிட்டார்கள் என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு அப்பாவின் ஞாபகம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பா கட்டிங் மாஸ்டர். குண்டடம் பக்கம் கிணறு வற்றிப்போய், ஆடுகளை விற்றுவிட்டுத் திருப்பூர் வந்து வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அடுக்கடுக்காகப் போட்ட துணிமேல் அவர் கத்தி மெஷினை ஓட்டினால் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது என்பார்கள். எங்களுக்கு அதெல்லாம் பெரிதில்லை. கையில் ஒரு காகிதம் கிடைத்தால் கோடு போடாமல், பேசிக்கொண்டே, கத்தரியால் ஒரு யானையை வெட்டிக் கீழே நிற்க வைப்பார். அதுதான் பெரிது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு தடித்த மார்க்கர் பேனா இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும்.

ஜோர்டானில் பனியன் கம்பெனிகள் திறந்து, இங்கிருந்து மாஸ்டர்களை அழைத்துப் போனபோது அப்பாவும் போனார். தம்பி அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தான். ஒப்பந்தம் முடியும்வரை நடுவில் விடுப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மாவின் வீட்டுக்குப் போன் வரும். நாங்கள் மூவரும் தலைசீவி, முகம் கழுவி, அந்த வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்திருப்போம். போனில் பேசுவதற்கு எதற்கு முகம் கழுவ வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

தம்பியைப் பொறுத்தவரை அந்தப் போன்தான் அப்பா. வெந்தய நிறத்தில், சுருள் வயருடன், கைக்குட்டை ஒன்றைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மற்ற நாள்களில் அந்த வீட்டுப் பக்கம் போனால்கூட உள்ளே எட்டிப் பார்த்து, "அப்பா தூங்குது" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். ஒருநாள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

எதிர் வீட்டில் திருநெல்வேலிக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அக்காவின் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை விரித்தார். அவருடைய மகன், என் தம்பி வயதுக்காரன், அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். சாக்லேட், பேட்டரி கார், எதற்கும் வெளியே வரவில்லை. விடுப்பு முடிந்து அவர் கிளம்புகிற வரைக்கும் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிட்டான். ஊருக்குப் போகிற அன்று அந்த மனிதர் பைப்படியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்ததை எங்கள் அம்மா பார்த்துவிட்டாள். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் சொன்னாள்.

"பையனுக்கு உங்க மூஞ்சியே தெரியாதுங்க. போட்டோவக் காட்டுனா சாமி படம்னு கும்புடறான். நீங்க வர்றப்ப கட்டலுக்கு அடியில பூந்துக்குவானுங்க. ஆடி அசையற மாதிரி ஏதாச்சும் அனுப்புங்க."

அப்பா சரி என்றார். பிறகு அதைப்பற்றிப் பேச்சே இல்லை. பல வாரம் கழித்து, ஒரு பெட்டி அனுப்பியிருப்பதாக மட்டும் சொன்னார். மடக்கி விரிக்கிற சின்ன டிவிடி பிளேயர், அதற்குள்ளேயே திரை, கூடவே அவர் பேசிப் பதிந்த டிவிடி வட்டு. அறையில் உடன் தங்கியிருந்த பங்களாதேஷ்காரர் ஒருவர் காமிரா இரவல் வாங்கிப் படம் பிடித்துக் கொடுத்தாராம். அப்பாவின் குரலில் ஏதோ ஒளித்து வைத்திருக்கிற குழந்தையின் குதூகலம் இருந்தது. அம்மா அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். அன்று முழுக்க அவள் நடையே மாறியிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் லைன் முழுக்கச் சுங்க இலாகா நிபுணர்களாகிவிட்டார்கள். நம் ஊரை உங்களுக்குத் தெரியாதா? டீக்கடையில் பஜ்ஜி போடுகிறவருக்கும் ஏற்றுமதிக்குப் போடுகிற ஷிப்பிங் பில் என்றால் என்னவென்று தெரியும். டிராபேக் என்று ஒன்று உண்டு. ஏற்றுமதி செய்தால் கட்டிய வரியில் ஒரு பங்கைச் சுங்கத்தார் திருப்பிக் கொடுப்பார்கள். கம்பெனிகளுக்கு அது வருகிற மாதம் முதலாளிகள் முகம் மலர்ந்திருக்கும். அதனால் நம் ஊரில் சுங்கம் என்றால் காசு கொடுக்கிற ஆபீஸ் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அம்மா வேலை பார்த்த கம்பெனியில் பார்சல் அனுப்புகிற அண்ணன், வீட்டுச் சாமானுக்கு வரியே கிடையாது, தைரியமாக இருங்கள் என்று அடித்துச் சொன்னார். இந்த ஊருக்குப் பொருளை வெளியே அனுப்பத்தான் தெரியும், உள்ளே வாங்கத் தெரியாது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

பெட்டி வரவில்லை. தபால்காரர் ஒரு காகிதத்தைத்தான் கொண்டுவந்தார். பெட்டி சென்னையில் நிற்கிறது, விலைக்குப் பில் வேண்டும் என்றிருந்தது. பில் எங்களிடம் ஏது? அந்தப் பார்சல் அண்ணனே ஏதோ எழுதிப் போட்டார். பிறகு ரொம்ப நாள் ஒன்றும் இல்லை. ஒருநாள் பெட்டி எங்கள் பகுதித் தபால் நிலையத்துக்கு வந்துவிட்டது என்றும், சுங்க வரியைக் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் தகவல் வந்தது. தபால் நிலையத்தில் வரித் தொகையைக் கேட்டதும் அம்மா கைப்பையின் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தத் தபால் நிலையத்தின் போஸ்ட்மாஸ்டர் கடுகடுப்பான மனிதர். ஜன்னல் வழியாகப் பேசும்போது ஆளைப் பார்க்காமல் பசை டப்பாவைப் பார்த்துத்தான் பேசுவார். பெட்டியின் மேலுறையைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுச் சொன்னார்.

"சாம்பிள், மதிப்பு இல்லைன்னு எழுதியிருக்குதும்மா. இந்த மாதிரி சாமானத்துக்கு மதிப்பு இல்லைன்னா அவங்க நம்புவாங்களா? அவங்களே ஒரு விலை போட்டுட்டாங்க. பரிசுன்னு எழுதியிருந்தா ஒரு அளவு வரைக்கும் வரியில்லாம விட்டிருப்பாங்க."

ஒரு கெடுத் தேதி உண்டு, அதற்குள் எடுக்காவிட்டால் பெட்டி திரும்பிப் போய்விடும் என்றும் சொன்னார். அம்மா அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். மனசாட்சி இல்லாத மனுசன், எழுந்து நின்றுகூடப் பேசவில்லை என்றாள். கெடு வியாழக்கிழமையோடு முடிந்தது. திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமைதான் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை சம்பளத்தோடும், மிக்ஸி வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தோடும், நம்பிக்கை இல்லாமல்தான் போனோம். பெட்டி அங்கேயே இருந்தது. போஸ்ட்மாஸ்டர் வரியை எண்ணி வாங்கிக்கொண்டு மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தார். எங்களுக்காகத்தான் திருப்பாமல் வைத்திருந்தார் என்பது அன்று அம்மாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டோம். அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ.

பெட்டியைப் பிரிக்கப் பெரியப்பாவும் வந்திருந்தார். அப்பாவுக்கு அண்ணன். காதர்பேட்டையில் கடை வைத்திருந்தார். தையல் விட்டது, சாயம் ஏறாதது, காலர் கோணியது என்று கம்பெனிகள் கழித்துப்போடுகிற துணிகளை மொத்தமாக வாங்கி விற்கிற வியாபாரம். ஒரு சட்டையை எட்டி நின்று பார்த்தே அதில் கோளாறு எங்கே என்று விரலை வைத்துவிடுவார். அந்தக் கண் அவருக்கு வீட்டுக்கு வந்தாலும் மூடாது. கல்யாணப் பெண்ணைப் பார்த்தாலும் மாப்பிள்ளையைப் பார்த்தாலும் அதே கண்தான். ஆனால் தாய்மாமன் இல்லாத எங்களுக்கு எல்லாமே அவர்தான். எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவர் அவர்.

அட்டை, தெர்மோகோல், பாலித்தீன் உறை எல்லாம் வந்தன. புது சாமானின் அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது, ரப்பரும் மிட்டாயும் கலந்த மாதிரி. கறுப்பு ரெக்சின் பை ஒன்று வந்தது. அதன் ஓரத்தில் ஒரு வெட்டு. பையைத் திறந்தோம். வெள்ளி நிறத்தில், ஒரு பெரிய புத்தகம் அளவுக்கு, மடக்கி வைத்த பிளேயர். மூடியின்மேல் கறுப்பு மையில், ஆங்கிலத்தில், சாம்பிள் என்று எழுதியிருந்தது. திறந்தோம். திரையின் மேற்பகுதியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கொட்டை எழுத்தில் மறுபடியும் சாம்பிள்.

பெரியப்பா பையின் வெட்டில் விரலை விட்டுப் பார்த்தார். எழுத்தை நகத்தால் சுரண்டினார், வரவில்லை.

"கடையில பாக்கறக்கு வெச்சிருந்த பீஸ் இது. அப்புறம் கழிச்சுப் போட்டிருப்பாங்க. அத எடுத்து அனுப்பியுட்டிருக்கறான். இதுக்குப் போயி வரி கட்டுனியா, அம்மணி?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழகிய கண் அப்படிப் பார்த்தது. இத்தனைக்கும் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் சாம்பிள் என்று எழுதி அனுப்புகிற வழக்கம் அத்துப்படி. பனியனைத் தவிர இன்னொரு பொருளை, அதுவும் புத்தம்புது பிளேயரை, ஒருவன் அப்படிக் கெடுப்பான் என்று யார் நினைப்பார்கள்? அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். போஸ்ட்மாஸ்டர் சொன்னது, பெரியப்பா சொன்னது, கையில் இருந்த பொருள், எல்லாம் ஒன்றாகப் பொருந்திப் போய்விட்டது அவளுக்கு. கழித்துப்போட்டதைத்தான் நமக்கு அனுப்பத் தோன்றியிருக்கிறது என்று நினைத்துவிட்டாள். பெரியப்பாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, அன்று கறைத்துணி மூட்டையைப்போல ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

வட்டைப் போட்டது நான்தான். அப்பா வந்தார்.

இரும்புக் கட்டில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். தலையில் கம்பளிக் குல்லாய் இருந்தது. குளிரில், பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. பின்னால் கயிற்றில் நாலைந்து லுங்கிகள் காய்ந்தன. என்ன பேசுவது என்று தெரியாமல், யாரோ சூப்பர்வைசருக்குப் பதில் சொல்வதுபோலக் கைகட்டி உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். முறம் அளவுக்கு இருந்த ரொட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பிறகு தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தை எடுத்து யானை வெட்டினார். அதன்பின் சேவல். அதன்பின் ஜன்னலெல்லாம் வைத்து ஒரு பஸ். இத்தனை நேரமும் அவர் நெற்றியில் சாம்பிள் என்ற எழுத்து ஒட்டிக்கொண்டே இருந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்த இடமும், திரையில் எழுதிய இடமும் அப்படி அமைந்துவிட்டன.

தம்பி முதலில் என் பின்னால் ஒளிந்தான். யானை முடிவதற்குள் என் மடிக்கு வந்துவிட்டான். பஸ் முடிந்தபோது திரைக்கு ஒரு முத்தம் கொடுத்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு ஊட்ட அப்பா வேண்டும், தலை துவட்ட அப்பா வேண்டும். கரண்ட் போனால் அப்பா போய்விட்டார் என்று அழுவான். தபால் நிலையத்தில் கட்டிய வரிக்கு அதற்குள் நூறு தடவை பலன் கிடைத்துவிட்டது. அம்மா மட்டும் திரைப் பக்கம் வருவதில்லை. அடுப்படியில் நின்றபடி குரலை மட்டும் கேட்பாள்.

அம்மாவின் வேலை கறை எடுப்பது. தைத்து வந்த பனியனில் மெஷின் எண்ணெய், பேனா மை, ஏதாவது பட்டிருந்தால் துப்பாக்கிபோல ஒரு கருவியால் மருந்தை அடித்து எடுக்க வேண்டும். கையுறை கொடுத்தாலும் போடமாட்டாள். விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து, அவித்த மொச்சைத் தோல்போல இருக்கும். அவள் கைபட்டுப் போகாத கறை கிடையாது என்று கம்பெனியில் பெயர். ஒருநாள் சின்ன மருந்துப் புட்டியில் அந்தத் திரவத்தைக் கொஞ்சம் கொண்டுவந்தாள். பஞ்சில் தொட்டு, திரையில் முதல் எழுத்தின்மேல் வைத்துத் தேய்த்தாள். எழுத்து கரைந்தது. கூடவே அந்த இடத்துப் பிளாஸ்டிக்கும் வெந்து, பால் சிந்தியதுபோல வெள்ளையாகப் பூத்துவிட்டது. துணிக்கான மருந்து பிளாஸ்டிக்குக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியவில்லை.

தம்பி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்து, அப்பாவை அழிக்காதே என்று வீடே அதிரக் கத்தினான். அவள் பஞ்சைக் கீழே போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அப்பாவின் நெற்றியில் இடது ஓரம் ஒரு வெள்ளைத் திட்டு, அதை அடுத்து மீதி எழுத்துகள் என்றாகிவிட்டது. எஸ் போய் 'ஆம்பிள்' என்று மிஞ்சிய அந்த ஆங்கில வார்த்தைக்கு ஏராளம் என்று பொருள் என்பது எனக்குத் தெரிந்தபோது நான் கல்லூரிக்கு வந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போனில் சுருக்கமாகப் பேச ஆரம்பித்தாள். ஆமாங்க, இல்லீங்க, நல்லாருக்கறமுங்க. பெட்டி வந்ததா என்று கேட்டதற்கு வந்ததுங்க என்று ஒரே சொல். அப்பா மறுமுனையில் திணறுவது எனக்குத் தெரியும், ரிசீவரின் மறுபக்கத்தில் என் காதும் ஒட்டியிருக்கும். அவர் ஒரு பாராட்டுக்காகக் காத்திருந்தார் என்று இப்போது புரிகிறது. எப்படிச் சமாளித்தேன் பார்த்தாயா என்று சொல்ல அவருக்கு நாக்கு அரித்திருக்கும். அவள் கேட்டால்தானே சொல்வார்? அவரும் கர்வி, அவளும் கர்வி. இருவருக்கும் நடுவில் நாங்கள் முகம் கழுவி உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் அவளால் அடக்க முடியவில்லை. வீட்டுக்கார அம்மா எதிரிலேயே இருந்தார். அதையும் பார்க்காமல் கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லுங்க. அந்தப் பொட்டி கடையில கழிச்சுப் போட்டதுங்களா?"

அப்பாவின் குரல் எப்போதும் சற்றுத் தாமதித்துத்தான் வரும். அன்று இன்னும் தாமதித்தது.

"புதுசு, புள்ள. நாந்தான் எழுதுனன். சாம்பிள்னு எழுதி, பையில ஒரு வெட்டும் போட்டுட்டா ட்யூட்டி கேக்க மாட்டாங்கல்ல? நம்மூர்ல அப்புடித்தான அனுப்பறம். ஓட்டை போடலாம்னுகூடப் பாத்தன், மனசு வல்ல."

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. வீட்டுக்கார அம்மா எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். ரொம்ப நாள் அவரை ஒட்டுக்கேட்கிறவர் என்று நினைத்திருந்தோம்.

"பரிசுன்னு எழுதியிருந்தா சும்மாவே உட்டிருப்பாங்களாமுங்க," என்றாள் அம்மா.

"சொந்த ஊட்டுக்கு ஒரு சாமானம் வாங்கியுட்டா அது எப்புடிப் புள்ள பரிசாகும்?"

அன்று போன் வழக்கத்தைவிட நீண்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்து, முதல் தடவையாக முழுவதும் பார்த்தாள். அந்த வெள்ளைத் திட்டைத் திரும்பத் திரும்ப முந்தானையால் துடைத்தாள். பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பீடியைப் பற்றவைக்காமலேயே கையில் வைத்திருந்தார். "கழிச்சதப் பாத்துப் பாத்து எனக்கு எல்லாமே கழிச்சதாட்டத் தெரியுது, அம்மணி," என்றார். அடுத்த வாரம் ஒரு மிக்ஸி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மூடியில் ஒரு கீறல் இருந்தது. அவரிடம் அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அப்பா வந்தது மழை விட்ட ஒரு காலையில். கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து டாக்சியில் வந்தார். லைன் முழுக்க வாசலில் நின்றது. திருநெல்வேலி அக்கா தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பா கடையைத் திறக்காமல் வந்திருந்தார். அம்மா புதுச் சேலையில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

அப்பா இறங்கினார். மெலிந்திருந்தார். குல்லாய் இல்லை. சட்டைப் பையில் மார்க்கர் இருந்தது. கையை நீட்டினார். தம்பி அவரை உற்றுப் பார்த்தான். அழவில்லை, ஓடவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தெளிவாகச் சொன்னான்.

"இது எங்கப்பா இல்ல. அப்பாவுக்கு இங்க எழுதியிருக்கும்."

தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். சுற்றி நின்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் புரிந்தது. அப்பாவுக்கு ஒரு கணம் ஆயிற்று. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு, அந்த ஈரத் தரையிலேயே என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"எழுது கண்ணு. அதே மாதிரி எழுது."

நான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்காது என்று உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு அழகாக வந்தது. அப்பாவின் நெற்றி சூடாக, வியர்த்திருந்தது. மூன்றாம் எழுத்துக்குப் பேனா வழுக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தம்பி அம்மாவின் தோளில் இருந்தபடியே எட்டி எட்டிப் பார்த்தான். எழுதி முடித்ததும் குறை சொன்னான்.

"அங்க வெள்ளையா இருக்கும்."

மை காய்வதற்குள் முதல் எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக் கலைத்துவிட்டேன். வெள்ளையாக வரவில்லை, சாம்பலாகத்தான் வந்தது. அவன் யோசித்தான். போதும் என்று பட்டிருக்க வேண்டும். அம்மாவிடமிருந்து சரிந்து இறங்கி, நடந்து வந்து, அப்பாவின் முழங்கால்களுக்கு இடையில் நின்றுகொண்டு, அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தான். திரை மாதிரி வழவழப்பாக இல்லையே என்று அவன் முகத்தில் ஒரு வியப்பு. திருநெல்வேலி அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். பெரியப்பா டாக்சிக்காரரிடம் போய், சம்பந்தமே இல்லாமல், ரோடு எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அது சீக்கிரம் அழியாத மை. அப்பா அந்த எழுத்தோடுதான் குண்டடம் போனார், கோயிலுக்குப் போனார், பழைய கம்பெனி முதலாளியைப் பார்க்கப் போனார். வெளிநாடு போய் மூளை குழம்பிவிட்டது என்று உறவுக்குள் பேச்சு எழுந்தது. அம்மா தேங்காய் எண்ணெயும் பஞ்சுமாக வந்து நிற்பாள். கறை எடுப்பதில் கம்பெனியிலேயே பெயர் வாங்கியவள், தன் வீட்டுக்காரர் நெற்றியை அப்படி விடுவாளா? இருக்கட்டும் புள்ள, அவன் பழகட்டும் என்று அப்பா தலையைத் திருப்பிக்கொள்வார்.

அந்த பிளேயர் கொஞ்ச நாளில் வேலை செய்யாமல் போனது. வீடு மாறியபோது பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. வெட்டுப் போட்ட ரெக்சின் பையில் அம்மா வெகுகாலம் பொத்தான்கள் போட்டு வைத்திருந்தாள். இப்போது அதுவும் இல்லை.

எழுத்து குளிக்கக் குளிக்க மங்கிக்கொண்டே வந்தது. தம்பி தினமும் எழுந்தவுடன் முதலில் அதைத்தான் பார்ப்பான். அப்பா, அம்மா, நான் மூவரும் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தோம். பிறகு ஒரு காலை, அப்பா முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது நெற்றியில் ஒன்றுமே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தம்பி பாயிலிருந்து எழுந்து வந்தான். அப்பாவின் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் அவர் மடியில் உட்கார்ந்தான். நேற்றைய தினத்தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்து, "யானை" என்றான்.